வேலுச்சாமிக்காகப் பார்த்த கரிசல்

தைப்பிங்கில் என் வீட்டுப் பின்னறையில் வேலுச்சாமி குடியிருந்தான். கடைத்தெருச் சாப்பாட்டுக் கடையொன்றில் ரொட்டி போடுகிறவன். சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர் வட்டாரத்தில் ஒரு சின்ன கிராமம். ஆடு வளர்க்கும் குடும்பம், கொஞ்சம் நிலமும் உண்டு. மலேசியாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. என் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் என்னோடு பேசுகிறவன் அவன் ஒருவன்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவனுடைய பெர்மிட் முடிய இருந்தது. இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பலாம். அவனால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

“அக்கா, ஆஸ்பத்திரி வேலையை விட்டதுல இருந்து சும்மாதான இருக்கீங்க. எங்க ஊருக்கு ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்களேன். அங்கன ஒரு மனுசன் இருந்து பொழைக்க முடியுமான்னு பாக்கணும். எங்கண்ணன், வராத, இங்க ஒண்ணும் கெடையாதுன்னு எழுதுதாவ. எம் பொண்டாட்டி, வாங்க வாங்கன்னு எழுதுதா. எது நெசம்னு எனக்குப் புரியலை.”

“நான் பார்த்து எனக்கு என்ன தெரியும்?”

“நீங்க நர்ஸா இருந்தவிய. ஆளைப் பாத்தாலே தேறுமா தேறாதான்னு சொல்லுவீங்க. ஊரைப் பாத்துச் சொல்லுங்க.”

சரி என்றேன். ஆனால் புறப்படும்போதே என்னிடம் பதில் தயாராக இருந்தது. வேலுச்சாமி போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? ஊர் தேறாது என்று சொல்லக் காரணம் தேடித்தான் நான் விமானம் ஏறினேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் நான் தங்கிய லாட்ஜின் மேனேஜர் நோட்டில் பெயரை எழுதிக்கொண்டே, “கூட வந்தவங்க பின்னால வாராங்களாம்மா?” என்றார்.

“தனியாகத்தான் வந்திருக்கிறேன்.”

“மலேசியாவுல இருந்து தனியாவா?” பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கேட்காமலேயே முதல் மாடியில் அவர் மேசைக்கு நேர் மேலே இருந்த அறையைக் கொடுத்தார். “எதுன்னாலும் சத்தம் குடுங்க.”

மதியம் எதிர்த்த ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டேன். சோறும் குழம்பும் நன்றாக இருந்தன. தண்ணீர்தான் தொண்டையில் நின்றது. உப்பு. பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்களுக்குப் பழகிப் போச்சு. நல்ல தண்ணி குடிச்சாத்தான் சப்புன்னு இருக்கு” என்றார்.

தைப்பிங்கில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். இங்கே ஐப்பசி பிறந்தும் வானம் வெள்ளையாகக் கிடந்தது. கடைத்தெருவெல்லாம் வேர்க்கடலை வறுபடும் மணம். தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போயின. ஒரு கடலை மிட்டாய்க் கடையில் நின்றேன். கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டு, இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்று கேட்டேன்.

“காஞ்சதை வச்சுத்தாம்மா” என்றார். “காஞ்ச கடலை, காஞ்ச மிளகா, காஞ்ச மல்லி, காஞ்ச குச்சி. ஒங்க ஊர்ல தீப்பெட்டி போட முடியுமா? குச்சி நமுத்துப் போகும். எங்களுக்கு மழை இல்லேன்னு ஊரெல்லாம் பாவப்படுதாவ. அந்த வெயிலை வச்சுத்தான் பாதிப்பேர் வீட்ல ஒலை கொதிக்குது.”

சாயங்காலம் லாட்ஜ் மாடியில் நின்று பார்த்தேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து பார்வையை நிறுத்திவிடும். இங்கே ஊர் முடிகிற இடத்தில் கறுப்பு நிலம் தொடங்கி, வானம் தொடுகிற இடம் வரைக்கும் போனது. இடையில் பனைமரங்கள் மட்டும் தள்ளித் தள்ளி நின்றன. கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. கீழே வந்து மேனேஜரிடம் மணி கேட்டேன். கடிகாரம் என் கையிலேயே இருந்தது. யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் நிலையத்தில் புதூர் என்று கேட்டதும் ஒருவர் என் பையை வாங்கிப் புறப்பட இருந்த ஒரு பஸ்ஸுக்குள் வைத்துவிட்டார். அரை மணி நேரம் போன பிறகுதான் டிக்கெட்டுக்குக் கண்டக்டர் வந்தார்.

“எந்தப் புதூரும்மா? நம்ம பக்கம் ஏழெட்டுப் புதூர் கெடக்கு.”

நான் வட்டாரத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது கெழக்க, எட்டயபுரம் தாண்டிப் போகணும். இது மேக்க போகுத வண்டி. சரி, கழுகுமலையில எறங்கிச் சாமியைக் கும்பிட்டுட்டுத் திரும்பி வாங்க. வந்தது வந்தாச்சு.”

கழுகுமலையில் கும்பிட்டேன். பாறையைக் குடைந்த கோயில், உள்ளே குளிர்ச்சி. வெளியே வந்து மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் பன்னைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்கிறார்கள். சிறு குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. அந்தச் சட்டத்துக்குக் கட்டை என்று பெயர்.

“வெயில் அடிச்சாத்தான் மருந்து முக்குன கட்டை காயும். மழை வந்தா வேலை இல்லைன்னு அனுப்பிருவாவ” என்றாள்.

“அப்போ உங்களுக்கு மழை வேண்டாமா?”

“வேண்டாமாவது. ரெண்டு குறுக்கம் நெலத்துல உளுந்து விதைச்சிருக்கோம்லா. மழை பெய்யலைன்னா அது போச்சு.”

“சாமிகிட்ட எதைத்தான் கேட்பீங்க?”

அவள் யோசிக்கவே இல்லை. “ராத்திரி மழையும் பகல்ல வெயிலும் கேப்பேன். குடுத்தா என்னவாம்?” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். நான் தனியாக வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மீதி இருந்த பன்னை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சரியான பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த அம்மாளைக் கேட்டேன். அவர் காதைக் கொடுத்துக் கேட்டுச் சொன்னார்: “விதைச்சு இருவது நாளாச்சாம். எறும்பு பாதியைத் தூக்கிட்டுப் போயிருச்சாம். மிச்சம் மண்ணுக்குள்ள கெடக்கு. இன்னும் பத்து நாள்ல பெய்யலைன்னா மறுபடி விதைக்க வீட்ல விதை கெடையாதுங்காவ.”

மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது இங்கே வழக்கம். ஜன்னல் வழியே பார்த்த கறுப்பு நிலமெல்லாம் எனக்குத் தரிசாகத்தான் தெரிந்தது. உள்ளே விதை கிடக்கிறது என்பது அதன் பிறகே தெரிந்தது.

வேலுச்சாமியின் ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். மெயின் ரோட்டில் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேல முள். நிலத்தில் வெடிப்புகள், ஒன்றில் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. வழியில் யாரும் எதிர்ப்படவில்லை. ஊருக்குள்ளும் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பாதி வீடுகளில் பூட்டு. திருப்பூர், சென்னை, பம்பாய் என்று போனவர்களின் வீடுகள்.

வேலுச்சாமியின் மனைவி பேச்சியம்மாள் ஆபீஸ் வேனில் வேலைக்குப் போயிருந்தாள். ஐந்தரை மணிக்குத்தான் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. நான் இன்னார் என்று சொன்னதும் உள்ளே போனாள். பிறகு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அவியளுக்கு அக்கான்னா எனக்கு மதினி. உள்ள வாங்க மதினி.”

என் வாழ்க்கையில் என்னை யாரும் மதினி என்று கூப்பிட்டதில்லை. என் கணவருக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை.

வேலுச்சாமி கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தோம். அவளுக்கு ஒரு சேலை, அண்ணனுக்குச் சட்டைத்துணி, மகள் செல்விக்கு ஒரு மஞ்சள் கவுன். அவன் புறப்பட்டபோது பேச்சியம்மாளுக்கு மூன்று மாதம். செல்வியை அவன் கண்ணால் பார்த்ததே கிடையாது. கவுனைப் பிள்ளை மேல் வைத்துப் பார்த்தோம். இடுப்புக்குக்கூட எட்டவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கான கவுன்.

“போட்டோவைப் பாத்து வாங்கிருப்பாவ. அது பழைய போட்டோ” என்று பேச்சியம்மாள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். குரலில் குறை எதுவும் இல்லை.

செல்வி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் கேட்டாள்: “அத்தை, எங்கப்பா ஒசரமா?”

நான் எழுந்து கதவு நிலையில் கை வைத்து, இவ்வளவு உயரம் என்று காட்டினேன். அவள் கீழே இருந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த இடத்தில் கரிக்கோடு ஒன்று இருந்தது. எதன் மேல் ஏறிப் போட்டாளோ.

அன்றிரவு குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பேச்சியம்மாளுக்கு அதில் சந்தோஷம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேன் வந்து ஹார்ன் அடித்தது. ஊரில் இருந்த பெண்கள் எல்லாரும் தூக்குச்சட்டியோடு ஏறிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயினர். அதன் பிறகு அந்த ஊரில் ஆட்டுக்குட்டிகளின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான்; மனிதர் இல்லாத பகல் எனக்குப் பழக்கமில்லாமல் இருந்து, கணவர் போன பிறகு பழகியது. ஆனால் ஒரு முழு ஊருமே அப்படி இருக்கும் என்று நினைத்ததில்லை. ஆறு வருடமாகப் பேச்சியம்மாள் வேலை இல்லாத நாட்களில் இந்தத் தெருவைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பத்து மணிக்கு வேலுச்சாமியின் அண்ணன் ராமையா வந்து என்னை நிலத்துக்குக் கூட்டிப்போனார். ஐம்பது வயது. கை, முகம் எல்லாம் கரிப்பொடி. ஊரைவிட்டுப் போனவர்களின் நிலத்தில் சீமைக் கருவேலம் முளைத்துக் காடாகிவிடுகிறது. அதை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளுக்குள் கனிய விட்டால் கரி. அதுதான் அவருக்கு வருடத்தில் பாதி நாள் பிழைப்பு. அப்படியொரு மூட்டம் ஓரமாகப் புகைந்துகொண்டிருந்தது.

“இதை யாரும் நடலை, தண்ணி ஊத்தலை. வெட்டுதோம், மறுபடி வருது. நட்ட பயிர்தான் வர மாட்டேங்குது” என்றார்.

நாலு ஏக்கர் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். மிளகாய்க்கு ஒரு பக்கம், மல்லிக்கு ஒரு பக்கம், மிச்சம் கம்பு. எல்லாம் புழுதிக்குள். மழை நன்றாகப் பெய்தால் இந்த மண் விட்டுக்கொடுக்காது என்றார். ஒருமுறை குடித்த தண்ணீரை இரண்டு மாதம் வைத்திருக்குமாம். ஆடு முன்பு நூற்றுக்கு மேல் இருந்தது, அறுவடை முடிந்த காட்டில் எருவுக்காகக் கிடை போடக் கூப்பிடுவார்கள். இப்போது இருபது உருப்படிதான். மேய்க்க ஆளில்லை.

“தம்பி வரலாமா வேண்டாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று நேராகக் கேட்டேன்.

அவர் மூட்டத்தின் ஓட்டை ஒன்றை மண் அப்பி மூடிவிட்டுத்தான் பேசினார்.

“வரச்சொல்லிராதீங்கம்மா. அவன் மேல ஆசை இல்லாமச் சொல்லலை. எங்கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். வந்தா ரெண்டு வருசம் இருப்பான். மழை ஏமாத்துன வருசம் மறுபடி கெளம்பணும். அன்னைக்கு அந்தப் புள்ள அழும். இப்போ அதுக்கு அப்பனைத் தெரியாது, அழுகையும் கெடையாது.”

நான் எதிர்பார்த்து வந்த பதில் இதுதான். இவர் வாயாலேயே வந்துவிட்டது. இதையே வேலுச்சாமியிடம் சொன்னால் போதும், பொய்யும் இல்லை. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை.

சாயங்காலம் பேச்சியம்மாள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் படலைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ வாங்க வாங்கன்னு எழுதுறதா வேலுச்சாமி சொன்னான்.”

அவள் குட்டியொன்றைத் தூக்கி உள்ளே விட்டாள். “அப்படியா சொன்னாவ? நான் அப்படி எழுதி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே.”

எனக்கு விளங்கவில்லை. “ஏன் நிறுத்திட்டே?”

“கூப்பிட்டாத்தான மதினி, வர முடியலைன்னு அவிய ஒரு பதில் எழுதணும். அதை எழுத அவியளுக்கும் கஷ்டம், படிக்க எனக்கும் கஷ்டம். கேக்காம இருந்தா ரெண்டு பேருக்கும் அது இல்லைலா. ஆடு குட்டி போட்டுச்சு, செல்விக்குப் பல் விழுந்துச்சுன்னு எழுதிட்டு விட்டுருவேன்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலுச்சாமி என்னை அனுப்பியது மண்ணைப் பார்த்துவர மட்டும் இல்லை. மனைவி கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

“அவனிடம் நான் என்ன சொல்லட்டும்?” என்றேன்.

“வாங்கன்னும் சொல்லாதீங்க, வராதீங்கன்னும் சொல்லாதீங்க. பாத்ததைச் சொல்லுங்க.” படலைக் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீங்க அங்கன யாருகூட இருக்கீங்க மதினி? அவிய வந்துட்டா ஒங்களுக்கு ஆரு?”

இந்தக் கேள்வியை வேலுச்சாமி கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்து முழுதாக ஒரு நாள்தான் ஆன ஒருத்தி கேட்டுவிட்டாள். “எனக்கென்ன, பக்கத்து வீடுகள் இருக்கு” என்றேன். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மேலே கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கிழக்கே கறுத்தது. வேன் வந்து, ஆபீஸுக்கு இன்று லீவு என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. ஒன்பது மணிக்குப் பெரிய சொட்டுகளாக விழத் தொடங்கி ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தது. தைப்பிங்கில் இது ஒரு மழையே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம். இங்கே ராமையா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார். மழை விட்டதும் ஒரு குச்சியை மண்ணில் குத்தி எடுத்துப் பார்த்தார். “ரெண்டு உழவு மழை” என்றார். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதை அப்படித்தான் அளக்கிறார்கள். “முளைச்சிரும்.”

நான் அன்றைக்கே கிளம்ப வேண்டியிருந்தது. பேச்சியம்மாளும் செல்வியும் மெயின் ரோடு வரை வந்தார்கள். அந்த ஒரு மைல் நடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. காய்ந்தபோது கல்லாக இருந்த மண் இப்போது பசை. ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் ஒரு கிலோ ஏறியது. பாதி வழியில் இடது செருப்பு மண்ணோடு போய்விட்டது. செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். வெறுங்காலோடு நடந்தேன்.

பஸ்ஸும் தப்பவில்லை. பாலம் கட்டுகிறார்கள் என்று ஓர் இடத்தில் ரோட்டை விட்டு இறக்கிய டிரைவர், பின்சக்கரம் பாதிவரை புதைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டார். எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன். எங்கள் ஊரில் பஸ் பத்து நிமிடம் பிந்தினாலே முணுமுணுப்பார்கள். இங்கே முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு ஒருவருக்கும் கோபம் இல்லை. எந்தெந்த ஊரில் பெய்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போகிறவர்கள். நான் மட்டும் லாட்ஜுக்கு.

மறுநாள் ரயிலில் போய்க் கடம்பூரில் இறங்கினேன். அங்கே போளி பேர் போனது என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மையில் நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் பார்த்த டெலிபோன் பூத் ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி வந்திருந்தேன். நெய் மணக்கும் சூடான போளியில் இரண்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன். மூன்றாவதைக் கொடுக்கப் பக்கத்தில் ஆளில்லை. அதையும் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த பூத்துக்குள் போய் என் வீட்டு எண்ணையே சுற்றினேன். வேலுச்சாமிக்கு அன்று ஓய்வு நாள்.

“மழை பெஞ்சுது” என்றுதான் ஆரம்பித்தேன்.

“நெசமாவா அக்கா? எத்தனை உழவு?”

“ரெண்டு உழவுன்னு உங்க அண்ணன் சொன்னாரு.”

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். உப்புத் தண்ணீர், பூட்டிய வீடுகள், கரி மூட்டம், இருபது ஆடு, புழுதியில் போட்ட விதை. இரண்டு வருடம் இருந்தால் மூன்றாம் வருடம் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும் என்று அண்ணன் சொன்னதையும் மறைக்கவில்லை. கவுன் பத்தவில்லை என்பதைச் சொன்னேன். செல்வி உயரம் கேட்டதைச் சொன்னேன்.

“பேச்சி என்ன சொன்னா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“வான்னும் சொல்லலை, வராதேன்னும் சொல்லலை. கூப்பிட்டா நீ முடியாதுன்னு எழுதணுமேன்னு உனக்காகத்தான் கூப்பிடாம இருக்கா.”

பூத்துக்காரர் மீட்டரைக் காட்டினார். நான் பார்க்கவில்லை.

“நான் போகட்டுமா அக்கா?”

என் வீட்டுச் சமையலறையில், சுவர் ஓரமாக டெலிபோனைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பது எனக்குத் தெரிந்தது. இல்லை, இன்னும் மூன்று வருடம் இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்திருப்பான். அவ்வளவு நம்பினான்.

“போப்பா” என்றேன். “சீக்கிரம் போ. அந்தப் பிள்ளை வளர்ந்துட்டே இருக்கு.”

நான் திரும்பிப் போனபோது தைப்பிங் பஸ் நிலையத்தில் குடையோடு நின்றான். நாற்பது நாளில் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். போகிற அன்று அறையைக் கழுவித் துடைத்து, பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். அந்த வருடம் மழைக்காலம் முடிகிறவரை நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

பேச்சியம்மாள் கடிதம் போட்டாள். முதல் வருடம் மிளகாய் நன்றாக வந்தது. இரண்டாம் வருடமும் பரவாயில்லை; ஒரு பையன் பிறந்தான். மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. வேலுச்சாமி திருப்பூருக்குப் போனான், பனியன் கம்பெனி வேலைக்கு. ராமையா சொன்னபடியே நடந்தது. செல்வி இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கடிதத்தில் இருந்தது.

அதைப் படித்தபிறகு எனக்குப் பல நாள் மனம் சரியில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் நல்லது செய்தேனா, வேலையற்றுப் போய் ஒரு புண்ணைக் கீறிவிட்டு வந்தேனா என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலுச்சாமி திருப்பூரிலிருந்து பேசினான். ஓர் அறையில் ஆறு பேராம். ஓவர்டைம் இருந்தால் மாதம் ஒருமுறைகூட ஊருக்குப் போக முடியவில்லை.

“அங்கன இருந்தப்ப இப்படித் தெரியலை அக்கா. கடல் தாண்டிக் கெடக்கோம், போக முடியாதுன்னு இருந்துட்டேன். இப்போ ஒரு பஸ் ஏறுனா ஊரு. அதுதான் கஷ்டமா இருக்கு.”

எனக்கு அடக்க முடியவில்லை. “அன்னைக்கு நான் போன்னு சொல்லாம இருந்திருக்கலாம், இல்லையாப்பா?” என்று கேட்டேன்.

பின்னால் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வாரேன் என்று அவர்களுக்குச் சொன்னான். பிறகு என்னிடம், “ரெண்டு வருசத்துக்கு மேல வீட்ல இருந்தேன்லா அக்கா” என்றான்.